கலரும் கவுரவமும்

“விருந்தாளி வந்திருக்கிறார், ஓடு, ஒரு கலர் வாங்கி வா!”

திருத்தங்கல் தெருக்களிலே இந்தக் கட்டளையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை அரிது. காசை உள்ளங்கையிலே பொத்திக்கொண்டு பெட்டிக்கடைக்கு ஓடுகிறான் சிறுவன். வந்தவருக்குத் தாகமா என்று எவரும் கேட்கவில்லை. தாகமென்றால் வீட்டுப் பானையிலே குளிர்ந்த நீர் இருக்கிறது; அதற்குக் காசு வேண்டாம். ஆனால், “வந்தவனுக்கு வெறுந் தண்ணீரைக் கொடுத்து அனுப்பினான்” என்ற சொல் ஊரிலே உலவிவிடக் கூடாதே! அந்தச் சொல்லைத் தடுக்கத்தான் கலர். பானையிலே இருப்பது நீர். புட்டியிலே இருப்பதும் பெரும்பகுதி நீர்தான். முன்னது தாகத்தைத் தணிக்கிறது. பின்னது தகுதியைக் காட்டுகிறது. தாகத்துக்கு விலையில்லை. தகுதிக்கே விலை.

“நாட்டிலே எத்தனையோ பெரும் பிரச்சினைகள் இருக்க, சோடாக் கடையிலே என்ன ஆராய்ச்சி?” என்று கேலி பேசுவோர் உண்டு. ஏற்றத்தாழ்வு கோயில் வாயிலிலும் கோட்டை மதிலிலும் மட்டுமே குடியிருக்கிறது என்று எண்ணுவோர் அவர்கள். அது குவளையின் விளிம்பிலும் குடியிருக்கிறது. புட்டியின் கழுத்திலே ஒட்டிய சீட்டிலும் குடியிருக்கிறது. நாள்தோறும் நாவிலே படுவது அது. ஆகவேதான் நமது கண்ணிலே படுவதில்லை.

இந்த ஆராய்ச்சிக்கு நமது வட்டாரம் தகுந்த இடம். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டி வந்தது, அதன் பின்னே பட்டாசு வந்தது, அவற்றின்மேல் ஒட்டும் சீட்டுக்காக அச்சகம் வந்தது. மழை பொய்க்கும் கரிசல் பூமி, உலகத்துக்கே லேபிள் அடித்துத் தரும் பூமியாயிற்று. 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்ட திருத்தங்கலிலே, வீட்டுக்கு ஒருவராவது பெட்டியையோ மருந்தையோ தாளையோ தொட்டு வாழ்பவர்தான் என்றால் மிகையாகாது. ஊரார் புட்டியின்மேல் பார்க்கும் சீட்டை, புட்டி ஏதுமின்றி, தாள் தாளாய்ப் பார்த்துப் பழகியவன் நமது அச்சகத் தோழன். வண்ணம் எத்தனை பூச்சு, பளபளப்புக்கு என்ன மெழுகு, எல்லாம் அவனுக்கு அத்துபடி. பிள்ளையார் மண்ணாயிருந்தபோதே பார்த்துவிட்ட குயவனைப் போன்றவன் அவன்! ஆயினும் மாலையிலே வேலை முடிந்து கடைக்கு வரும்போது, அவனும் அந்தச் சீட்டைப் பார்த்தே கை நீட்டுகிறான். ஏன்?

‘ஏமாளி’ என்று ஒரு சொல்லிலே தீர்ப்பு எழுதிவிட்டுப் போவது எளிது. அது பகுத்தறிவாகாது. காரணத்தைத் தேடுவோம்.

முதலில் அந்தச் சீட்டையும், அதைச் சுமந்துவரும் விளம்பரத்தையும் ஓர் இலக்கியமாக எடுத்துக்கொண்டு திறனாய்வோம். பழங்கால மெய்க்கீர்த்தியிலே பாடப்படுபவன் மன்னன், பாடியவன் புலவன், பரிசில் தருபவனும் மன்னன். புகழைக் கேட்டவனே பொருளையும் தந்தான். விளம்பரமும் இந்த மரபிலே வந்ததுதான். அதன் பாட்டுடைத் தலைவன் புட்டியென்று எண்ணிவிட வேண்டாம். வாங்குபவன்தான் தலைவன்! “நீ இளைஞன், நீ வீரன், உன்னைச் சூழ நண்பர் கூட்டம், உன் வாழ்வு ஒரு திருவிழா” என்று அவனைப் பாடுகிறது அந்தப் பாட்டு. கேட்டு மகிழ்ந்தவன் மன்னனைப் போலவே பரிசில் தருகிறான். மன்னன் பொன் தந்தான். பட்டாசு ஆலைத் தொழிலாளி அன்றைய கூலியிலிருந்து எடுத்துத் தருகிறான். அதுதான் வேறுபாடு.

அந்தப் படங்களை மறுமுறை காணும்போது கவனியுங்கள். தனியே அமர்ந்து குடிப்பவனைக் காண்பது அரிது. எங்கும் கூட்டம், சிரிப்பு, தோளோடு தோள். விற்கப்படுவது பானம் என்றால் இத்தனை பேர் எதற்கு? ‘இதைக் குடித்தால் இந்தக் கூட்டத்திலே நீயும் ஒருவன்’ என்ற நுழைவுச் சீட்டு அல்லவா விற்கப்படுகிறது! உள்ளே என்ன இருக்கிறது என்னும் செய்தியோ, சீட்டின் பின்புறத்திலே எறும்பெழுத்திலே கிடக்கிறது. இத்தகைய பானங்களிலே 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. 250 மில்லிப் புட்டியொன்றைக் குடித்து முடித்தால் 25 கிராம். ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை அந்த 25 கிராம் அளவைத் தாண்டாதிருப்பது நலம் என்பது 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை. முன்புறத்திலே பாட்டு, பின்புறத்திலே கணக்கு. பாட்டைப் பெரிதாகவும் கணக்கைச் சிறிதாகவும் அடிப்பது தற்செயலன்று.

“அப்படியானால் சுவை என்பதே பொய்யா?” என்று கேட்கலாம். அறிவியல் தரும் விடை வியப்பானது. 1985இல் அமெரிக்காவிலே கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் செய்முறையை மாற்றியது. ஏறத்தாழ 2 இலட்சம் பேரிடம் சுவை பார்க்கச் சொல்லி, புதியதே இனிது என்ற முடிவோடு செய்த மாற்றம் அது. நடந்தது என்ன? மக்கள் சீறினர். ‘எங்கள் பானத்தைத் திருப்பிக் கொடு’ என்றனர். 79 நாட்களிலே பழைய பானம் மீண்டும் கடைக்கு வந்தது. நாக்கு புதியதை விரும்பியது. நினைவு பழையதை விட மறுத்தது. வென்றது நினைவு!

2004இல் ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 67 பேரை ஆராய்ந்தனர். பெயரை மறைத்துக் கொடுத்தபோது இரு கோலாக்களுக்கும் ஏறக்குறைய சமமான ஆதரவு. கோகோ கோலா என்று பெயரைச் சொல்லிக் கொடுத்தபோது விருப்பம் அதன் பக்கம் சாய்ந்தது. மூளையிலே நினைவோடு தொடர்புடைய பகுதிகளும் விழித்தன. 2008இல் கலிபோர்னியாவிலே வேறோர் ஆய்வு. ஒரே திராட்சை மதுவை, 10 டாலர் என்று சொல்லி ஒரு முறையும், 90 டாலர் என்று சொல்லி ஒரு முறையும் கொடுத்தனர். விலை கூடியபோது இனிது என்றனர் குடித்தவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; இன்பத்தை உணரும் மூளைப் பகுதியே கூடுதலாகத் துடித்தது என்று கருவி காட்டியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பெயர் தரும் இன்பம் மெய்யான இன்பமே. விபூதி பூசியவுடன் தலைவலி தீர்ந்தது என்பவனுக்குத் தலைவலி மெய்யாகவே தணிந்திருக்கவும் கூடும். விபூதிக்கு ஆற்றல் உண்டு என்பதுதான் பொய். அதுபோலவே, சீட்டுக்குள்ளே சுவை இருக்கிறது என்பது பொய். சீட்டைப் படித்த மனத்திலே சுவை பிறக்கிறது என்பது மெய். மனத்தின் இந்த இயல்பை அறிந்தவன் அதற்கு விலை வைத்து விற்கிறான். அறியாதவன் கொடுத்து வாங்குகிறான்.

ஆனால் மனம் ஏன் அந்தச் சீட்டுக்கு ஏங்க வேண்டும்? இதற்கு விடை அமெரிக்க ஆய்வுக்கூடத்திலே மட்டுமல்ல, திருத்தங்கலிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை இந்த ஊரைப் பேசுகிறது. சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்பவன் தங்காலிலே தங்குகிறான். வார்த்திகன் என்பவனின் மகன், மழலை மாறாத சிறுவன், மறையை வழுவாது ஓத, மகிழ்ந்து அணிகலன்களை அவனுக்கு அளித்துச் செல்கிறான். குடும்பம் பொலிவு பெறுகிறது. பொறுக்கவில்லை அரசனின் காவலருக்கு. ‘புதையலைக் கவர்ந்தவன்’ என்று குற்றஞ்சாட்டி வார்த்திகனைச் சிறையிலே தள்ளுகின்றனர். ஐயை கோயிலின் கதவு தானே மூடிக்கொண்டதாகவும், அதன்பின் பாண்டியன் உண்மையறிந்து பிழை பொறுக்க வேண்டியதாகவும் கதை செல்கிறது. கதவு மூடிய கதையைக் கதையாகவே விட்டுவிடுவோம். வார்த்திகன் பார்ப்பனன் என்பதற்காக அவனுக்கு இழைத்த அநீதி நீதியாகிவிடாது, அதையும் சொல்லிவிடுவோம். நமக்கு வேண்டியது மனிதர் செய்த பகுதி. காவலர் கேட்ட கேள்வி என்ன? “இவனுக்கு ஏது இந்த அணி?” என்பதுதான்.

அந்தக் கேள்வி இன்னும் ஊரிலே உலவுகிறது. மேலே கிடக்கும் பொருளைப் பார்த்து ஆளை எடைபோடும் உலகம், வெறுங்கையோடு வந்தவனை அவமதிக்கிறது. சற்றே உயர்ந்த பொருளோடு வந்தால் ‘இவனுக்கு ஏது?’ என்று ஐயுறுகிறது. அவமதிப்புக்கு அஞ்சித்தான் ஏழை சின்னத்தை வாங்குகிறான். நிச்சயதார்த்தத்திலே மாப்பிள்ளை வீட்டார் முன் பெயர் பெற்ற புட்டியை வைக்கும் தாய், ஆடம்பரப் பித்துப் பிடித்தவள் அல்லள். தன் மகளை எவரும் குறைவாகப் பேசிவிடக் கூடாதே என்று கேடயம் வாங்கியவள். அந்தக் கேடயத்தின் விலை அவளுடைய தீப்பெட்டிக் கூலி. அவளைப் பார்த்துச் சிரிப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். கேடயம் தேவைப்படும் நிலையை உண்டாக்கிய உலகத்தைப் பார்த்துச் சினப்பவனே பகுத்தறிவாளன்.

1899ஆம் ஆண்டு. வெப்லென் என்ற அமெரிக்க அறிஞர், செல்வர்கள் பொருளை வாங்குவது பயனுக்கு மட்டுமல்ல, பிறர் பார்ப்பதற்காகவும்தான் என்று விளக்கி நூலொன்று வெளியிட்டார். அதே 1899இல் சிவகாசியிலே கலவரத் தீ மூண்டது. வாணிகத்தால் செல்வம் சேர்த்த நாடார் மக்கள் கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டனர், அதையொட்டிய பகையிலே ஊர் எரிந்தது, உயிர்கள் மாண்டன. வெப்லென் சொன்னது, பணத்தால் மதிப்பை வாங்க முயலும் மனிதனைப் பற்றி. சிவகாசி காட்டியதோ, பணம் இருந்தும் மதிப்பை வாங்க இயலாத நாட்டைப் பற்றி! சாதி என்பது காசு கொடுத்தாலும் திறவாத கதவு. அமெரிக்க நூல் அறியாத பூட்டு அது.

அந்தப் பூட்டு குடிக்கும் குவளையிலும் தொங்கியது. காப்பி நமது நாட்டிலே பரவியபோது, காப்பிக் கடைகளின் நெற்றியிலே ‘பிராமணாள்’ என்ற பலகை ஏறியது. அங்கே விற்றது கொட்டை வடிநீர் மட்டுமா? ‘உன்னருகே இன்னார் உட்கார மாட்டார்’ என்ற உறுதியும் சேர்த்தே விற்கப்பட்டது. வணிகக் குறி என்று இன்று பேசுகிறார்களே, அதற்கு நமது நாட்டின் மூத்த அண்ணன் அந்தப் பலகைதான். தொடர்வண்டி நிலைய உணவுவிடுதிகளிலே பார்ப்பனருக்குத் தனியிடம் என்ற முறை 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியிலே முரளி கபேயின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். மாதக்கணக்கிலே தோழர்கள் நாள்தோறும் சென்று கைதாயினர். முடிவிலே சொல் நீங்கியது. ‘ஒரு சொல்லுக்கா இத்தனை பேர் சிறை சென்றனர்?’ என்று அன்று கேட்டவர் உண்டு. ஆம், ஒரு சொல்லுக்குத்தான்! அந்தச் சொல்தான் அங்கே விற்பனைச் சரக்கு.

பலகை இறங்கியதும் எல்லாம் தீர்ந்ததா? பொது விடுதியின் பாத்திரங்களைத் தீண்டாமையின் பெயரால் ஒருவனுக்கு மறுப்பது குற்றம் என்று 1955இலேயே சட்டம் சொல்லிவிட்டது. ஆயினும் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலிலே ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை விசாரிக்கச் சென்ற அதிகாரிகள், அங்கே தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை முறை இருப்பதையும் கண்டு வழக்குப் போட வேண்டியிருந்தது. சட்டத்துக்கு வயது 67 ஆன பிறகு! ஒரே கொதிகெண்டி, ஒரே பால், ஒரே தூள். குவளை மட்டும் இரண்டு. பானத்திலே பேதமில்லை; பாத்திரத்திலே பேதம்.

இன்று பெருநகரங்களிலே குளிரூட்டிய காப்பி மண்டபங்கள் வந்துவிட்டன. ஒரு கோப்பைக்கு 200 ரூபாய்க்கு மேல். அங்கே பலகை எதுவும் யாரையும் தடுப்பதில்லை; விலைப்பட்டியல் தடுக்கிறது. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லமாட்டோம். விலை என்னும் மதிலைக் கூலி உயர்ந்தால் தாண்டலாம். சாதி என்னும் மதிலைக் கோடி குவித்தாலும் தாண்ட விடமாட்டார்கள். எனினும் இரண்டு மதிலும் ஒரே மண்ணால் எழுந்தவை. உள்ளே இருப்பவனின் இன்பத்திலே ஒரு பங்கு, வெளியே நிற்பவனைப் பார்ப்பதால் வருவது.

பிறரைக் குறை சொன்னது போதும். நம்மையும் கூண்டிலே ஏற்றுவோம். 1916இல் நமது விருதுநகரிலே பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பானங்களைக் குடித்து வளர்ந்தது தென்னாடு. அதன் போவோண்டோ 1950களின் இறுதியிலே பிறந்தது. 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறி 1993இல் திரும்பி வந்தது. வந்த வேகத்திலே தம்ஸ் அப் முதலிய உள்நாட்டுப் பெயர்களை விலைக்கு வாங்கியது. ஆலையை மட்டுமா வாங்கியது? மக்கள் மனத்திலே அந்தப் பெயருக்கு இருந்த இடத்தையும் வாங்கியது. பல உள்ளூர்ப் பானங்கள் மறைந்தன, காளிமார்க் நின்றது. 2017 ஜனவரியிலே ஏறு தழுவுதலுக்காகக் கடற்கரையிலே திரண்ட இளைஞர், அயல்நாட்டுக் கோலாக்களைக் கீழே ஊற்றினர். வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் அவற்றை விற்பதில்லை என்றன. தாமிரபரணி நீரை அந்த ஆலைகளுக்கு வழங்குவது பற்றிய வழக்கும் அப்போது மதுரைக் கிளையிலே நடந்து, அதே மார்ச் தொடக்கத்திலே தள்ளுபடியாயிற்று.

அந்த நாட்களிலே நாமும் போவோண்டோ குடித்தோம். பெருமையோடு புட்டியை உயர்த்திப் பிடித்தோம். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டுக்கொள்ள வேண்டும்: அன்று நமது நாவிலே இனித்தது எது? திராட்சை மணமா? ‘நாமெல்லாம் ஓரணி’ என்ற உணர்வா? உணர்வுதான்! அயல்நாட்டுப் புட்டிக்காரன் விற்கும் அதே சரக்கை, நாம் உள்ளூர்ப் புட்டியிலே வாங்கினோம். உள்ளூர்த் தொழில் வாழ வேண்டும், ஆற்று நீர் உழவனுக்கு முதலில் வேண்டும் என்பவை காரணங்கள். அவற்றுக்காகச் செய்த மறுப்பு செம்மையானது. காரணம் மறைந்து புட்டி மட்டும் கையிலே நின்றால், அது பூசை. உள்ளூர்ச் சர்க்கரையும் சர்க்கரைதான். அதற்குத் தமிழ்ப் பற்று கிடையாது. இன்று அயல்நாட்டுக் கோலாக்கள் மீண்டும் நமது பெட்டிக்கடைகளிலே குளிர்ந்துகொண்டிருக்கின்றன. நீரைப் பற்றிய கேள்வியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. புட்டியை மாற்றிய வேகத்தைக் காரணத்தைக் காப்பதிலே காட்டவில்லை நாம்.

அப்படியானால் கூடிக் குடிக்கும் இன்பமே கூடாதா? கூடும்! வேண்டும்! மனிதன் கூட்டத்தை நாடுவது குற்றமன்று. தேநீர்க் கடையின் மர விசுப்பலகையிலே, ஒரு தேநீரின் விலையிலே, ஒரு பத்திரிகையும் நான்கு பேர் வாதமும் கிடைத்தன. படிப்பகமும் முடிதிருத்தகமும் தேநீர்க் கடையும் அல்லவா எழுத்தறியாதவனுக்கும் அரசியலைக் கற்றுக் கொடுத்தன! ஒருவன் படிக்க, ஒன்பது பேர் கேட்டனர். காசு கொடுத்தவன் ஒருவன். பயன் பெற்றவர் பத்துப் பேர். நமது வட்டாரத்து வணிகர் விற்பனையிலே ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கினர். வீடுகளிலே பிடியரிசி சேர்த்தனர். அதுவும் கூட்டத்திலே ஒருவனாக இருப்பதற்குக் கொடுத்த விலைதான். சாதி எல்லைக்குள்ளே பிறந்த ஏற்பாடு அது என்ற குறை உண்டு. ஆனால் அந்தக் காசு பள்ளிக்கூடமாக நிமிர்ந்தது. 1889இல் விருதுநகரிலே எழுந்த சத்திரிய வித்தியாசாலை அத்தகைய முயற்சியின் விளைவு. காமராசர் சிறுவனாய்ப் பயின்ற பள்ளி அது. புட்டிக்குக் கொடுத்த காசோ, ஓர் ஏப்பமாய் முடிகிறது!

ஆகவே தோழர்களே, குடிக்காதே என்பதல்ல நமது அறிவுரை. குடிக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் காசிலே பானத்துக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு? இந்தக் கூட்டத்திலே நான் உள்ளே என்றால், வெளியே நிறுத்தப்பட்டவன் யார்? நான் காசு கொடுக்காத நாளிலும் இந்தக் கூட்டம் என்னைத் தன்னவன் என்று சொல்லுமா? மூன்றாம் கேள்விக்கு ‘சொல்லும்’ என்று விடை வந்தால் அது தோழமை. ‘சொல்லாது’ என்றால் அது வாணிகம்.

கேள்வியோடு நின்றுவிடவும் வேண்டாம். உங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலே எத்தனை வகைக் குவளை என்று பாருங்கள். இரண்டென்றால் ஒன்றாகும் வரை ஓயாதீர்கள். ஒருவனுக்குக் கண்ணாடியும் இன்னொருவனுக்குத் தாள் குவளையும் நீட்டப்பட்டால், அது தூய்மையா, பழைய தீட்டின் புதிய வேடமா என்று கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் வீட்டுத் திருமணத்திலே பந்தியின் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே பானம் வையுங்கள். பானகமானால் பானகம், நீரானால் நீர். ‘என்ன வைத்தார்கள்?’ என்று கேட்பவரிடம், ‘எல்லாருக்கும் ஒன்றே வைத்தோம்’ என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

காசைப் பொத்திக்கொண்டு ஓடினானே திருத்தங்கல் சிறுவன், அவன் நாளை ஒரு வீட்டின் தலைவனாவான். அன்று அவன் வீட்டு வாயிலிலே விருந்தாளி வந்து நிற்பார். பானையிலிருந்து ஒரு செம்பு நீர் மொண்டு, கூச்சமின்றி அவன் நீட்டவும், குறையென்று எண்ணாமல் வந்தவர் வாங்கிப் பருகவும் கூடிய நாள் வருமானால், அன்று அந்த வீட்டிலே தாகம் மட்டுமா தணிந்திருக்கும்? நெடுநாள் நம்மைப் பிடித்தாட்டிய அச்சமும் தணிந்திருக்கும்.